மாமையும் சிவப்பழகும்: ஊடகப் பிம்பங்களில் பெண்ணின் நிறம் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

வளரிளம் பருவத்தினர் தம் உடலைப் பற்றிக் கொள்ளும் எண்ணம் வீட்டாரின் சொற்களாலும் தோழமையாலும் மட்டும் உருவாவதில்லை. நாள்தோறும் அவர்கள் காணும் அச்சுப்படங்கள், திரைப்படங்கள், தொலைக்காட்சி விளம்பரங்கள் ஆகியனவும் அவ்வெண்ணத்திற்கு வடிவம் தருகின்றன. 'நான் எப்படி இருக்கிறேன்' என்று கேட்கத் தொடங்கும் இளையோர், 'எப்படி இருக்க வேண்டும்' என்பதைப் பெரும்பாலும் ஊடகங்களிடமிருந்தே கற்கின்றனர். தமிழ்த் திரைப்படத்திற்கும் அரசியலுக்கும் இடையிலான உறவு குறித்துக் கா. சிவத்தம்பி, சு. தியடோர் பாஸ்கரன், எம்.எஸ்.எஸ். பாண்டியன் முதலியோர் ஆழமான ஆய்வுகளைத் தந்துள்ளனர். அவ்வாய்வுகள் இரசிகரையும் வாக்காளரையும் மையமாகக் கொண்டவை. திரையைப் பார்த்துத் தன் தோலின் நிறத்தை எடைபோட்ட இளம்பெண் தனித்த ஆய்வுக்கு உரியவள்.

பெண்ணின் நிறம் என்னும் ஒரு கூற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, சங்க அகப்பாடல்கள் தொடங்கி இன்றைய கைப்பேசிப் படங்கள் வரை அது பெற்ற மாற்றங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. மாமை, மாநிறம், சிவப்பழகு, பொலிவு என்னும் நான்கு சொற்களின் வரலாறு இதற்குத் துணையாகக் கொள்ளப்படுகிறது. ஊடகப் பிம்பங்கள் கறுப்பு நிறத்தை ஆணுக்கு ஆளுமையாகவும் பெண்ணுக்குக் குறையாகவும் பகுத்தளித்தன. அப்பகுப்பு நிலைபெற்ற காலத்தில், தன் நிறத்தை அழகென்று சொல்லிக்கொள்ளப் பெண்ணுக்கு இருந்த சொல்லும் வழக்கிழந்து போயிருந்தது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

கோட்பாட்டுப் பின்புலம்

அமெரிக்கச் சமூகவியலாளர் சார்லஸ் கூலி 1902இல் 'கண்ணாடித் தன்னிலை' என்னும் கருத்தை முன்வைத்தார். பிறர் நம்மை எவ்வாறு காண்கின்றனர் என்று நாம் எண்ணிக்கொள்கிறோமோ அவ்வெண்ணத்தின் வழியாகவே நம்மை நாம் அறிகிறோம் என்பது அதன் சாரம். மனிதர் தம்மை அளக்கப் புறவயமான அளவுகோல் இல்லாதபோது பிறரோடு ஒப்பிட்டு அளந்துகொள்கின்றனர் என லியோன் ஃபெஸ்டிங்கர் 1954இல் விளக்கினார். ஆல்பர்ட் பண்டூரா 1977இல் வெளியிட்ட சமூகக் கற்றல் பற்றிய நூல், முன்மாதிரிகளைக் கண்டு கற்பதை விரிவாக ஆராய்ந்தது. முன்மாதிரிக்குப் பரிசு கிடைப்பதைக் காணும்போது அக்கற்றல் வலுப்பெறுகிறது என்பது அவர் கருத்து. விளம்பரங்களைப் புரிந்துகொள்ள இது பெரிதும் உதவும். விளம்பரக் கதையில் நிறம் மாறிய பெண்ணுக்கு வேலையும் மணவாழ்வும் பரிசாகக் கிடைக்கின்றன. பார்க்கும் பெண் அந்தப் பரிசையும் சேர்த்தே கற்கிறாள்.

இக்கொள்கைகளுக்கு வலுவூட்டும் களச்சான்று ஃபிஜித் தீவிலிருந்து கிடைத்தது. பருத்த உடலை நலத்தின் அடையாளமாகப் போற்றிய பண்பாடு அது. அங்குள்ள நத்ரோகா பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கரும் அவர் குழுவினரும் அவ்வாண்டிலும் 1998இலும் பள்ளி மாணவியரை ஆய்ந்து, 2002இல் முடிவுகளை வெளியிட்டனர். உணவுப்பழக்கக் கோளாற்றைச் சுட்டும் மதிப்பெண் பெற்ற மாணவியர் 12.7 விழுக்காட்டிலிருந்து 29.2 விழுக்காடாக உயர்ந்திருந்தனர். ஒரு பண்பாடு நெடுங்காலமாகப் பேணிய அழகுணர்வைப் பிம்பங்கள் சில ஆண்டுகளில் அசைத்துவிட முடியும் என்பதற்கு இது சான்று. ஃபிஜியில் உடலின் எடைக்கு நேர்ந்ததை ஒத்த ஒன்று இந்தியாவில் தோலின் நிறத்திற்கு நேர்ந்தது. ஆயினும் இங்கு அம்மாற்றம் மெல்லவே நிகழ்ந்தது. சாதியும் குடியேற்ற ஆட்சிக்கால இனக்கொள்கையும் ஏற்கெனவே விதைத்திருந்த நிற வேறுபாட்டின் மீதுதான் ஊடகங்கள் தம் பிம்பங்களை எழுப்பின.

மாமையும் பசப்பும்

சங்க அக இலக்கியத்தில் தலைவியின் மேனி நிறத்தைக் குறிக்கும் சிறப்பான சொல் மாமை. உரையாசிரியர்கள் இதற்கு அழகு என்றும், நிறம் என்றும், மாந்தளிரின் நிறம் என்றும் பொருள் கண்டுள்ளனர். கருமை என்னும் பொருளும் 'மா' என்னும் அடிக்கு உண்டு. திருமாலை மாயோன் எனவும், தலைவியை மாயோள் எனவும் குறிக்கும் வழக்குகள் இதனைக் காட்டும். மாந்தளிர் முற்றிலும் கறுப்பன்று. செம்பின் சாயலும் பழுப்பும் மினுமினுப்பும் கலந்தது. ஆகவே மாமை என்பதைக் கறுப்பு என்று ஒரே சொல்லில் பெயர்த்துவிடுவது பொருந்தாது. அதனை வெண்மையாகக் கொள்வதற்கோ சிறிதும் இடமில்லை. இம்மண்ணின் பெரும்பாலான பெண்களின் தோலுக்குரிய நிறத்தையே அக்காலப் புலவர்கள் அழகின் பெயராக வழங்கினர் எனலாம்.

மாமைக்கு எதிர்நிலையில் நிற்பது பசலை அல்லது பசப்பு. தலைவனைப் பிரிந்த தலைவியின் மேனி தன் இயல்பான நிறம் இழந்து வெளிறி, பொன்போன்றும் பீர்க்கம்பூப் போன்றும் ஆவதைப் புலவர்கள் துயரின் அறிகுறியாகக் காட்டினர். குறுந்தொகையின் 27ஆம் பாடலில் வெள்ளிவீதியார் கன்றுக்கும் ஆகாமல் கலத்துக்கும் ஆகாமல் நிலத்தில் வீணாகும் பாலை உவமையாக்கி, பசலை உண்ணும் மாமையின் இழப்பைப் பேசுகிறார். திருவள்ளுவர் 'பசப்புறு பருவரல்' என்று ஓர் அதிகாரமே (119) வகுத்துள்ளார்.

இங்கு ஒன்றை ஊன்றி நோக்கவேண்டும். அக இலக்கியத்தில் பெண்ணின் மேனி வெளிறுதல் நோய். அவள் தன் நிறத்திற்குத் திரும்புதல் நலம். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த விளம்பரங்களில் அவள் தன் நிறத்தோடு இருத்தல் நோய், வெளிறுதல் நலம். இரண்டிலும் நிறமாற்றமே கதையை நடத்துகிறது. அதன் திசை மட்டும் நேர்மாறாகிவிட்டது.

சங்க காலத்தைப் பொற்காலமாக்கிக் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. பொன்னிற மேனியைப் பாராட்டும் இடங்களும் பழந்தமிழில் உள்ளன. பிற்காலக் காப்பியங்களிலும் சிற்றிலக்கியங்களிலும் அப்பாராட்டு மிகுந்தது. ஆனால் கரிய நிறம் பெண்ணின் அழகுக்கு உரியதே என்னும் எண்ணம் நெடுங்காலம் மறையவில்லை. பாரதத்தின் திரௌபதி, கரியவள் எனப் பொருள்படும் கிருஷ்ணை என்னும் பெயருடையவள். மதுரை மீனாட்சி பச்சைத் திருமேனியள். கருப்பாயி என்னும் பெயரைத் தென்மாவட்ட ஊர்களில் பெண்மக்களுக்குத் தயக்கமின்றி இட்டு வந்தனர்.

அச்சுப்படமும் கறுப்பு வெள்ளைத் திரையும்

இந்நிலையில் பெருமாற்றத்தைத் தொடங்கியது அச்சு. கிளிமானூரில் பிறந்த இரவிவர்மா (1848–1906) 1894இல் பம்பாயில் கல்லச்சுக்கூடம் தொடங்கினார். அதன்வழி இலக்குமியும் கலைமகளும் தமயந்தியும் மலிவான வண்ணப்படங்களாக வீடுதோறும் சென்றனர். ஐரோப்பிய எண்ணெய் ஓவிய முறையில் தீட்டப்பட்ட அம்முகங்களில் வெளிர்நிறம் மேலோங்கியிருந்தது. நாட்காட்டிப் படங்கள் அம்மரபைத் தொடர்ந்தன. அங்கே கரிய கண்ணனும் நீலநிறமானான். கோயிற் கருவறையில் கருங்கல்லாக நின்ற தெய்வத்தையும் வீட்டுச் சுவரில் வெளிர்நிறத்தில் தொங்கிய தெய்வத்தையும் ஒரே சிறுமி ஒரே நாளில் வணங்கினாள். அழகுக்கு இலக்கணமாக அவள் கண்ணில் பதிந்தது சுவர்ப்படமே எனக் கருத இடமுண்டு.

தமிழின் முதற்பேசும் படமான 'காளிதாஸ்' 1931இல் வெளிவந்தது. கறுப்பு வெள்ளைப் படங்களில் தோலின் உண்மை நிறம் தெரிய வழியில்லை; ஒப்பனையும் ஒளியமைப்பும் சேர்ந்து எல்லா நாயகியரையும் வெளிறிய முகத்தினராக்கின. ஹேஸலின் ஸ்நோ, ஆப்கன் ஸ்நோ ஆகிய முகப்பூச்சுகளின் பெயர்களிலேயே பனியின் வெண்மை இருந்தது. 1941இல் லீலா சிட்னிஸ் லக்ஸ் வழலைக்கட்டியின் விளம்பரத்தில் தோன்றியபின், திரைநாயகியின் மேனி கடையில் வாங்கத்தக்க ஒன்றன் விளைவாகக் காட்டப்படலாயிற்று. 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமாக அமைந்தது. வண்ணம் வந்தபோது திரைக்கு ஏற்ற நிறம் எது என்பது முன்னரே முடிவாகியிருந்தது.

கறுத்த பெண்ணின் துயரைத் திரையுலகம் அறியாமல் இல்லை. 1963இல் ஏ.சி. திருலோகசந்தர் இயக்கத்தில் ஏ.வி.எம். நிறுவனம் வெளியிட்ட 'நானும் ஒரு பெண்' அதனையே கருவாகக் கொண்டது. நிறத்தாலும் கல்வியின்மையாலும் இகழப்படும் மருமகள் தன் நற்பண்பால் குடும்பத்தின் அன்பைப் பெறுவதே கதை. அப்படம் பெரும் வரவேற்புப் பெற்று, 'மைம் பீ லட்கீ ஹூம்' என்னும் பெயரில் 1964இல் இந்தியிலும் எடுக்கப்பட்டது. அப்படத்தின் நல்நோக்கம் ஐயத்திற்கு அப்பாற்பட்டது. ஆயினும் இரண்டு கூறுகள் கவனத்திற்குரியன. கதைத்தலைவியாக நடித்த விஜயகுமாரி கறுப்பு ஒப்பனை பூசிக்கொண்டே அவ்வேடத்தை ஏற்றார்; கறுத்த பெண்ணுக்காகப் பேசிய படத்திலும் கறுத்த நடிகைக்கு இடமில்லை. மேலும், நிறம் என்னும் குறையைப் பண்பு என்னும் நிறையால் ஈடுசெய்வதாகவே கதை அமைந்தது. நிறம் குறையே அன்று என்று அது கூறவில்லை.

இவ்வீடுசெய்யும் மனப்பாங்கு அன்றாடப் பேச்சிலும் உண்டு. 'கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா' என்னும் தொடரைப் பாராட்டாகவே சொல்கின்றனர். அதிலுள்ள 'ஆலும்' என்னும் இடைச்சொல், கறுப்பு களைக்குப் பகை என்பதை முன்னதாகவே ஒப்புக்கொண்டு விடுகிறது. 'பெண் நல்ல நிறம்', 'கலரா இருக்கா' என்னும் வழக்குகளில் நிறம் என்ற பொதுச்சொல்லே சிவந்த நிறத்தை மட்டும் குறிக்கிறது. கறுப்பு, நிறங்களின் கணக்கிலிருந்தே நீக்கப்பட்டுவிட்டது. மாமையின் எச்சமாக 'மா' என்னும் அடியைத் தாங்கி நிற்கும் 'மாநிறம்' என்ற சொல்லும் மணமக்கள் விளம்பரங்களில் வேறு பணியை ஏற்றது. ஒருகாலத்தில் போற்றுதற்குரிய அழகின் அடி, இப்போது 'சிவப்பு இல்லை, ஆனால் கறுப்பும் இல்லை' என்று சமாதானம் சொல்லும் இடைநிலைச் சொல்லாயிற்று.

1975ஆம் ஆண்டு

இவ்வரலாற்றில் 1975 ஒரு திருப்புமுனை. ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று நிகழ்வுகள் அவ்வாண்டில் நிகழ்ந்தன. சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கப்பட்டது. இந்துஸ்தான் லீவர் நிறுவனம் ஃபேர் அண்ட் லவ்லி முகப்பூச்சைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கே. பாலசந்தரின் 'அபூர்வ ராகங்கள்' படத்தில் ரஜினிகாந்த் சிறுவேடமொன்றில் அறிமுகமானார். அடுத்த கால்நூற்றாண்டில் தமிழ் இளைஞரும் இளம்பெண்ணும் தம் நிறத்தைப் பற்றிக் கொண்ட எண்ணம் இம்மூன்றின் வளர்ச்சியோடு பிணைந்திருந்தது.

இதே காலத்தில் தமிழ்ச் சிறுகதை இச்சிக்கலை வேறு கோணத்தில் அணுகியது. 'சிறகுகள் முறியும்' (1976) தொகுப்பிலுள்ள அம்பையின் 'அம்மா ஒரு கொலை செய்தாள்' என்னும் கதையில், கறுத்த சிறுமி ஒருத்தி தன் தாயையே அழகின் முழுவடிவாகக் காண்கிறாள். தன் நிறம் குறித்த அவளுடைய ஐயங்களைத் தாயின் அன்பே தணித்து வைத்திருக்கிறது. சிறுமி பூப்படையும் வேளையில் தாய் ஊரில் இல்லை. உறவுப்பெண் ஒருத்தியைக் கறுப்பென்று மாப்பிள்ளை வீட்டார் மறுத்துவிட்ட வேதனையோடு திரும்பும் தாய், அன்புக்காக ஏங்கி நிற்கும் மகளிடம் கடுஞ்சொல்லையே கூறுகிறாள். தலைப்பு சுட்டும் கொலை அதுவே. கூலி கூறிய கண்ணாடி இங்கே தாயின் முகம். ஒரு சொல்லால் அது உடைந்து, பெண் தன்னைத் திருமணச் சந்தையின் கண்களால் காணத் தள்ளப்படுகிறாள். வீட்டில் நிகழும் இவ்வுடைப்பையே பின்னாளைய விளம்பரங்கள் வணிக வாய்ப்பாக்கின.

ஆணின் கறுப்பு

ரஜினிகாந்த் தொடக்கத்தில் எதிர்நிலை வேடங்களிலேயே பெரிதும் தோன்றினார். 1980களில் அவர் முன்னணி நாயகராக உயர்ந்தார். அவரையடுத்து விஜயகாந்த், முரளி ஆகியோரும், 2002இல் அறிமுகமான தனுஷும் கறுத்த மேனியோடு நாயகராயினர். 'நம்மைப் போல் இருக்கிறார்' என்னும் உணர்வை இவர்கள் உழைக்கும் மக்களின் இளைஞர்களிடம் ஏற்படுத்தினர். நாட்டுப்புறப் பாடல்களின் 'கருத்த மச்சான்' மரபும், 1940களில் திராவிட இயக்கம் கறுப்புச் சட்டையை எதிர்ப்பின் சின்னமாக்கிய அரசியல் மரபும் இதற்கு ஏற்ற களத்தை அமைத்திருந்தன. இது மதிக்கத்தக்க பண்பாட்டு வெற்றி. வட இந்தியத் திரையுலகில் இதற்கு நிகராகச் சொல்லத்தக்கது மிகக் குறைவு.

ஆனால் அவ்வெற்றி ஆணோடு நின்றது. கறுத்த நாயகனின் அருகில் சிவந்த நாயகி நிற்பது எழுதாத விதியாயிற்று. 1990களில் மும்பையிலிருந்து நாயகியரை வரவழைக்கும் வழக்கம் பெருகியது. 2000இல் சேரன் இயக்கிய 'வெற்றிக் கொடி கட்டு' படத்தில் கறுப்பு நிறத்தைப் புகழும் பாடல் பெரும்புகழ் பெற்றது. அது பெண்குரலில் ஒலித்தது. ஆணின் கறுப்பைப் பெண் பாராட்டலாம். பெண்ணின் கறுப்பை ஆண் பாராட்டும் பாடல் அத்தகைய செல்வாக்குப் பெறவில்லை. கறுத்த நாயகனைக் கண்ட இளைஞன் தன் நிறத்தோடு இணக்கம் கண்டான். அதே படத்தைக் கண்ட அவன் தங்கை, கறுத்த ஆணும் தேடுவது சிவந்த பெண்ணையே என்பதைக் கற்றாள்.

விதிவிலக்குகள் உண்டு. 1978இல் அறிமுகமான சரிதா 'தண்ணீர் தண்ணீர்' (1981) முதலிய படங்களில் தன் நடிப்பால் தனியிடம் பெற்றார். பின்னாளில் பல நாயகியருக்கு அவரே பின்னணிக் குரல் தந்தார். கறுத்த பெண்ணின் குரல் திரைக்குத் தேவைப்பட்டது; அவளுடைய முகம் அத்துணைத் தேவைப்படவில்லை. ஒப்பனையை விரும்பாத பாலுமகேந்திராவின் 'வீடு' (1988) படத்தில் அர்ச்சனா நாயகியாக நடித்துத் தேசிய விருது பெற்றார். நந்திதா தாஸ் 2002இல் 'அழகி', 'கன்னத்தில் முத்தமிட்டால்' ஆகிய படங்களில் தோன்றினார். இவையெல்லாம் போற்றப்பட்டன, எனினும் பொதுப்போக்கை மாற்றும் அளவுக்கு எண்ணிக்கையில் பெருகவில்லை.

ஆணின் கறுப்புக்குக் கிடைத்த இடமும் எல்லையற்றதன்று என்பதை 2007இல் ஷங்கர் இயக்கிய 'சிவாஜி' காட்டியது. நாயகி நிறத்தைக் காரணம் காட்டித் தயங்க, ரஜினிகாந்த் ஏற்ற நாயகன் வெளுப்பாவதற்கு நகைப்பூட்டும் வழிகளையெல்லாம் முயல்கிறான். ஒரு பாடற்காட்சியில் கணினித் தொழில்நுட்பத்தால் அவர் மேனி ஐரோப்பியரின் வெண்மை பெற்றது. அதே படத்தில் கறுப்பு ஒப்பனையிட்ட இரு பெண்கள் கேலிப்பொருளாக நிறுத்தப்பட்டனர். அவர்களுக்கு இடப்பட்ட பெயர்கள் அங்கவை, சங்கவை. மரபு பாரி மகளிருக்கு வழங்கும் பெயர்கள் இவை. தந்தையையும் குன்றையும் இழந்த துயரைப் புறநானூற்றின் 112ஆம் பாடலாக்கிய அம்மகளிரின் பெயர்கள், கறுத்த பெண்ணைக் கண்டு சிரிப்பதற்கான குறியீடுகளாயின. இது கண்டனத்துக்கும் உள்ளாயிற்று. தமிழார்வத்தால் பெற்றோர் இட்ட அப்பெயர்களோடு பள்ளிக்குச் சென்ற சிறுமியரை எண்ணிப் பார்த்தால், ஒரு நகைச்சுவைக் காட்சி தன்மதிப்பின் மீது தொடுக்கக்கூடிய தாக்குதலின் அளவு விளங்கும். நிறமும் மொழிப்பெருமையும் ஒருங்கே இழிவுபடுத்தப்பட்ட இடம் அது.

சிவப்பழகின் எழுச்சி

தூர்தர்ஷன் 1976இல் விளம்பரங்களை ஏற்கத் தொடங்கியது. 1982இல் வண்ண ஒளிபரப்பு வந்தது. 1991இன் பொருளாதாரத் தாராளமயம், 1993இல் சன் தொலைக்காட்சியின் தோற்றம், 1994இல் சுஷ்மிதா சென்னும் ஐஸ்வர்யா ராயும் உலக அழகிப் பட்டங்களை வென்றமை ஆகியன அழகுப்பொருள் சந்தையை விரிவாக்கின. 1998இல் சென்னையின் கெவின்கேர் நிறுவனம் குங்குமப்பூவை முன்னிறுத்தி ஃபேர்எவர் என்னும் பூச்சை வெளியிட்டது. சிறு பொட்டலங்களில் விற்கப்பட்டமையால் இத்தகைய பொருள்கள் சிற்றூர்ப் பெண்களுக்கும் எட்டின. பெரும்பாலான விளம்பரங்கள் இந்தியில் எடுக்கப்பட்டுப் பிற மொழிகளுக்குக் குரல்மாற்றம் பெற்றன. ஒரே முகம் தமிழிலும் மலையாளத்திலும் வங்காளத்திலும் பேசியது.

'சிவப்பழகு' என்னும் கூட்டுச்சொல்லை வீட்டுச்சொல்லாக்கியவை இவ்விளம்பரங்களே. சிவப்பு அழகு என்னும் இரண்டும் இதில் பிரிக்க இயலாதவாறு இணைந்துவிட்டன. 'கறுப்பழகு' என்று எதிர்ச்சொல் ஆக்கினால் அதற்கு விளக்கம் தேவைப்படுகிறது. சிவப்பழகுக்கு விளக்கம் எவரும் கேட்பதில்லை.

விளம்பரங்களின் கதையமைப்பு ஏறத்தாழ ஒன்றே. நிறம் குன்றிய பெண் வாட்டமுற்றிருப்பாள். பூச்சைப் பூசியபின் வரிசையாகக் காட்டப்படும் அவள் முகங்கள் படிப்படியாக வெளிறும். இறுதியில் வேலையோ வரனோ கைகூடும். 2000களின் தொடக்கத்தில் ஒளிபரப்பான ஒரு விளம்பரத்தில், மகன் இல்லையே என வருந்தும் தந்தையின் சொல் கேட்ட மகள் முகப்பூச்சால் நிறம் மாறி விமானப் பணிப்பெண்ணாகிறாள். அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கத்தின் தொடர் எதிர்ப்பையடுத்து 2003இல் அவ்வகை விளம்பரங்கள் நிறுத்தப்பட்டன. அவ்விளம்பரத்தின் ஆற்றல், உண்மையான ஓர் ஏக்கத்தைத் தொட்டதில் இருந்தது. பெண்ணின் பொருளாதார விடுதலை பற்றிப் பேசிக்கொண்டே, அதற்கான தகுதியாகக் கல்விக்கு முன் தோலின் நிறத்தை அது வைத்தது. 2005இல் இமாமி நிறுவனம் ஆண்களுக்கென ஃபேர் அண்ட் ஹேண்ட்சம் பூச்சை வெளியிட்டது. 2007 முதல் ஷாருக்கான் அதன் விளம்பரங்களில் தோன்றினார். ஆணுக்கு அளிக்கப்பட்டிருந்த விலக்கையும் சந்தை திரும்பப் பெறத் தொடங்கிவிட்டது.

எதிர்ப்பும் பெயர்மாற்றமும்

2009இல் சென்னையைச் சேர்ந்த விமன் ஆஃப் வொர்த் அமைப்பைத் தோற்றுவித்த கவிதா இம்மானுவேல், 'கறுப்பே அழகு' என்னும் பொருள்படும் இயக்கத்தைத் தொடங்கினார். 2013இல் நந்திதா தாஸ் அதற்குத் துணைநின்றபோது நாடெங்கும் கவனம் திரும்பியது. கறுத்தவரைத் தாழ்ந்தவராகவும் வாட்டமுற்றவராகவும் காட்டக்கூடாதென 2014இல் இந்திய விளம்பரத் தரநிர்ணயக் குழு நெறிமுறை வகுத்தது. 'காக்கா முட்டை' படத்தால் அறியப்பட்ட ஐஸ்வர்யா ராஜேஷ், நிறத்தைக் காரணம் காட்டித் தமக்கு வாய்ப்பு மறுக்கப்பட்டதை 2020இல் ஆற்றிய உரையொன்றில் வெளிப்படையாகக் கூறினார். 'பிரேமம்' (2015) என்னும் மலையாளப் படத்தில் பருக்களை மறைக்காமல் தோன்றிய சாய் பல்லவி, சிவப்பழகுப் பூச்சு விளம்பரத்தை மறுத்ததை 2019இல் தெரிவித்தார். முன்மாதிரிகள் தீங்கு மட்டுமே செய்வன அல்ல என்பதற்கு இவர்கள் சான்று.

2020 மே மாதம் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டதையொட்டி எழுந்த நிறவெறி எதிர்ப்பு அலை இந்தியச் சந்தையையும் அசைத்தது. அவ்வாண்டே இந்துஸ்தான் யூனிலீவர் தன் பூச்சின் பெயரைக் குளோ அண்ட் லவ்லி என மாற்றியது. மணமக்கள் இணையதளம் ஒன்று நிறவாரியாகத் தேடும் வசதியை நீக்கியது. சிவப்பழகின் இடத்தில் 'பொலிவு', 'ஒளிர்வு' ஆகிய சொற்கள் வந்தன. பொலிவு தூய தமிழ்ச்சொல், எந்நிறத்திற்கும் பொருந்துவது. மாமைக்கும் மினுமினுப்பு உண்டு. ஆனால் அச்சொல்லோடு வரும் முகங்கள் மாறாதவரை, பழைய பொருளே புதிய சொல்லில் குடியேறும்.

இன்று கைப்பேசியின் படக்கருவி இப்பிம்ப வரலாற்றில் புதிய கட்டத்தைத் தொடங்கியுள்ளது. முன்பு இளம்பெண் தன்னை நடிகையோடு ஒப்பிட்டாள். இப்போது முகத்தை மென்மையாக்கி வெளிறச் செய்யும் படவடிகட்டிகள், அவளைத் திருத்தப்பட்ட அவளுடனேயே ஒப்பிட வைக்கின்றன. நடிகை எட்டாத் தொலைவில் இருப்பவள் என்று தேற்றிக்கொள்ள முடிந்தது. தன் முகத்தின் திருத்திய வடிவத்தைப் பற்றி அவ்வாறு தேற்றிக்கொள்வது அரிது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. அக இலக்கியத்தில் துயரின் அறிகுறியாக இருந்த மேனி வெளிறுதல், விளம்பர மரபில் வெற்றியின் அறிகுறியாயிற்று. அச்சுப்படம், திரை, தொலைக்காட்சி ஆகியன படிப்படியாக இத்திசைமாற்றத்தை நிகழ்த்தின.

2. தமிழ்த்திரை கறுத்த ஆணுக்கு முன்மாதிரிகளை வழங்கியது. கறுத்த பெண்ணுக்கு வழங்க மறுத்தது. ஒரே வீட்டில் வளர்ந்த இளைஞனும் இளம்பெண்ணும் ஒரே நிறத்தைப் பற்றி இருவேறு தன்மதிப்பைப் பெற இது காரணமாயிற்று.

3. மாமை, மாநிறம், சிவப்பழகு, பொலிவு என்னும் சொல்வரிசை, அழகைப் பெயரிடும் உரிமை புலவரிடமிருந்து சந்தைக்குக் கைமாறியதைக் காட்டுகிறது.

சந்தையின் பிம்பங்களைத் தடுக்கும் ஆற்றல் தமிழ்த்துறைகளுக்கு இல்லை. சொல்லைப் பேணும் பொறுப்பு உண்டு. மாமை என்பதற்கு 'அழகு' என்று மட்டும் பொருள்கூறிக் கடந்துவிடும் வழக்கம் நம் வகுப்பறைகளிலும் உண்டு. அவ்வாறு கடக்கும்போது அழகு எஞ்சுகிறது, நிறம் மறைகிறது. பாடத்தைக் கேட்கும் மாணவி அத்தலைவியைத் தொலைக்காட்சியில் கண்ட முகத்தோடே கற்பனை செய்துகொள்கிறாள். மாந்தளிரைக் காட்டி, இந்நிறத்தையே நம் புலவர்கள் அழகென்று பெயரிட்டனர் என்று விளக்கினால், பாடலின் பொருளும் தெளிவாகும். முன்வரிசையிலோ பின்வரிசையிலோ அமர்ந்திருக்கும் மாந்தளிர் மேனியளான மாணவி தன்னையும் அப்பாடலுக்குள் காண்பாள். சங்கப்பாடல்களுக்கான உரைக்குறிப்புகளையும் மாணவர் பதிப்புகளையும் அணியம் செய்வோர் இதனைக் கருத்திற்கொள்ளுதல் வேண்டும்.